தீப்பீடத்தை எடுத்தவர், முகத்தை எடுத்தவர்

ஆரம்பகால இஸ்லாமிய ஆளுநர்கள் ஈரானில் அடித்த இருமொழி வெள்ளிக்காசுகளில் எது உசத்தி என்று கேட்டால், பலரும் கைகாட்டுவது ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃபின் காசைத்தான். பெரிய பெயர், அதுவும் அரபியில், விளிம்பில் கலிமா என்ற இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி வேறு. ஆனால் நடுவில் இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானிய மன்னர் முகமும் பின்னால் அவர்களுடைய ஸோராஸ்டிர மதத்தின் தீப்பீடமும் அப்படியே இருக்கின்றன. எனக்கு அதில் பெரிய ஈர்ப்பில்லை.

என் ஓட்டு ஹிஜ்ரி 72-இல் (கி.பி. 691-92) ஈரானின் கிழக்குப் பகுதியான சிஸ்தானில் ஆளுநர் அப்துல் அஸீஸ் இப்னு அப்துல்லா அடித்த காசுக்கு. முன்பக்கம் வழக்கம்போல் சாசானிய மன்னர் குஸ்ரூ பாணி முகம், பக்கத்தில் ஆளுநர் பெயர் சாசானியர் காலத்துப் பாரசீகமான பஹ்லவியில், விளிம்பில் அரபியில் பிஸ்மில்லா. திருப்பிப் பார்த்தால்தான் விஷயமே: தீப்பீடத்தைக் காணோம், இரண்டு பக்கமும் நிற்கும் காவலர்களையும் காணோம், அந்த இடத்தில் ஐந்து வரி எழுத்து. கடவுள் ஒருவரே, அவரன்றி வேறு கடவுள் இல்லை, முகம்மது கடவுளின் தூதர் என்று கலிமாவையே பஹ்லவியில் பெயர்த்துப் பொறித்திருக்கிறார்கள்! உருவமே இல்லாமல் முழுக்க அரபி எழுத்தாக கலீஃபா அப்துல் மலிக் வெள்ளி திர்ஹம் அடித்தது ஹிஜ்ரி 78-79 வாக்கில்தான். அதற்கு ஆறேழு வருஷம் முன்பே, தலைநகரிலிருந்து எங்கோ தள்ளியிருந்த ஒரு ஆளுநர், ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மொழியில் பாதி வேலையை முடித்துவிட்டார்.

சரி, தபரிஸ்தான் காசு? காஸ்பியன் கடலுக்குத் தெற்கே பின்னால் வந்த அப்பாசிய கலீஃபாக்களின் ஆளுநர்கள் அடித்த, சுமார் 2 கிராம் எடையுள்ள அரை திர்ஹம். அவர்களில் ஒருவரான உமர் இப்னுல் அலாவின் பெயர் சிலவற்றில் பஹ்லவியில், சிலவற்றில் அரபியில். சிஸ்தான் காசைப் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான், இவை அவ்வப்போது விற்பனைக்கு வரும், விலையும் பரவாயில்லை, அதனால் வாங்குபவருக்கு இதுவே சரி. அதிலும் 780களின் கடைசியில் வந்த ஆளுநர் சுலைமானின் காசைத் தேடுங்கள். அவர் சிஸ்தான்காரருக்கு நேர் எதிர். தீப்பீடத்தைத் தொடவில்லை, ஆண்டைக்கூட ஹிஜ்ரியில் போடாமல் கடைசி சாசானிய மன்னர் யஸ்தகிர்து இறந்த பின் தொடங்கிய கணக்கிலேயே போட்டார். மன்னர் மகுடத்தின் இறக்கைகூட அப்படியே இருக்கிறது. முகம் மட்டும் இல்லை. அங்கே ஒரு சாய்சதுரம், அதற்குள் அரபியில் 'பக்', அதாவது 'நல்லது'.