இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் இந்த வகை பேக்கப் மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

விண்டோஸுக்குள் நிறுவி, இரண்டு பொத்தான்களை அழுத்தினால் வட்டு முழுவதும் பத்திரம் என்று விற்கப்படும் ஒரு கட்டண பேக்கப் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டி ஏமாந்து நிற்கிறேன். போனது சந்தா மட்டுமன்று. அதே வட்டில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் இருந்த பார்ட்டிஷனும் (வட்டில் தனியாகப் பிரித்த பகுதி) போயிற்று.

பணம் கட்டும் முன்பே அவர்களுடைய உதவிப் பிரிவிடம் நேரடியாகக் கேட்டேன். உபுண்டு பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) விண்டோஸ் தானாகப் படிக்காது, அத்தகைய பார்ட்டிஷனைக் கண்டால் ஃபார்மேட் செய்யவா என்றுதான் கேட்கும் என்பதால், உபுண்டு இருக்கும் பகுதியும் பேக்கப்பில் சேருமா என்பதே என் கேள்வி. "ஒரு பைட்கூட விடுபடாது, கவலையே வேண்டாம்" என்று உடனே பதில் வந்தது. அந்தப் பதிலை நம்பித்தான் ஓராண்டுச் சந்தாவைக் கட்டினேன். பேக்கப் முடிந்ததும் எல்லாப் பார்ட்டிஷன்களுக்கும் எதிரே பச்சை டிக் விழுந்தது.

பிறகு ஒரு புதுப்பிப்பில் விண்டோஸ் பழுதானது. உபுண்டு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும், முழு வட்டையும் மீட்டெடுப்பதே பாதுகாப்பானது என்று அதே உதவிப் பிரிவு சொன்னதால் அப்படியே செய்தேன். விண்டோஸ் எழுந்தது. கணினியைத் தொடங்கும் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒழுங்காக வந்திருந்ததால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று மெனு காட்டும் கிரப்பும் எழுந்தது. ஆனால் அது தேடிய யூயூஐடி (உபுண்டு பார்ட்டிஷனின் அடையாள எண்) வட்டில் எங்குமே இல்லாததால், மெனு வராமல் வெறும் கட்டளைக் குறியோடு நின்றுவிட்டது. உபுண்டு இருந்த இடத்தில் அதே அளவுள்ள ஒரு வெற்றுப் பார்ட்டிஷன் இருந்தது. பேக்கப் எடுத்தபோது பதிவான லாக் கோப்பைத் தேடித் திறந்தால், "தெரியாத கோப்பு முறைமை, தவிர்க்கப்பட்டது" என்று அதன் நடுவே ஒரு வரி. தெரியாத கோப்பு முறைமையாகவே இருந்தாலும் செக்டர் செக்டராக (வட்டின் சிறு துண்டுகளை ஒவ்வொன்றாக அப்படியே) நகலெடுக்கலாம். அதற்கு உள்ளே இருப்பது புரிய வேண்டிய அவசியமே இல்லை. அதைக்கூடச் செய்யாமல் பச்சை டிக் போட்டிருக்கிறார்கள்.

கேட்டதற்கு, முதலில் மென்பொருளை மறுபடி நிறுவச் சொன்னார்கள். பிறகு லாக் கேட்டார்கள்; அனுப்பினேன். அடுத்து வந்தவர் முந்தைய உரையாடலைப் படிக்காமலேயே மறுபடி அதே லாக்கைக் கேட்டார். கடைசியில், லினக்ஸ் ஆதரவு விலை கூடிய பதிப்பில்தான் உண்டு, மேம்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். ஓராண்டுச் சந்தாவையாவது திருப்பித் தாருங்கள் என்றால், அதற்கான காலக்கெடு முடிந்துவிட்டதாம்! இவர்கள் லாக் கேட்டு இழுத்தடித்த நாட்களில்தான் அது முடிந்தது.

எப்படிச் செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குள் இருந்து பேக்கப் எடுக்காதீர்கள். குளோன்சில்லா என்ற பேக்கப் மென்பொருள் இலவசம், எக்ஸ்ட்4 அதற்குத் தெரியும். யுஎஸ்பியில் இருந்து பூட் செய்து எடுங்கள், எடுத்த இமேஜை (பேக்கப் நகலை) சரிபார்க்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. லினக்ஸ் கோப்புகளை மட்டும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) வட்டுக்கு இழுத்துப் போட்டால் உரிமை அனுமதிகள் குலையும். விண்டோஸ் மட்டும் பழுதானால் அந்தப் பார்ட்டிஷனை மட்டும் மீட்டெடுங்கள். கட்டண மென்பொருள்தான் வேண்டுமென்றால், பணத்தைத் திரும்பப் பெறும் காலக்கெடுவுக்குள்ளேயே வேறொரு வட்டில் மீட்டெடுத்து, லினக்ஸ் பூட் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள்.