மனநல என்ஜிஓ-ல ஃபீல்டு வேலை, 3/5

செங்கல்பட்டு பக்கம் ஒரு மனநல என்ஜிஓ, பேரு வேணாம், ரெண்டு வருஷம் ஃபீல்டு ஒர்க்கரா இருந்தேன். சம்பளம் 14,000, பெட்ரோல் காசு மூணு மாசம் கழிச்சுதான் வரும், அதுவும் பில்ல பேப்பர்ல ஒட்டி ஒட்டி அனுப்புனா. வீடு வீடா போய் மாத்திரை போட்டாங்களான்னு அட்டைய எண்ணிப் பாக்கணும், ஜிஎச்சுக்கு கூட்டிட்டு போகணும், மாற்றுத்திறனாளி கார்டுக்கு அலையணும், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல மனநோயும் இருக்குன்னு ஆபீஸ்ல நாமதான் எடுத்துச் சொல்லணும்.

டிரெய்னிங் சூப்பர், குறை சொல்ல முடியாது. ஆனா 70 கேஸுக்கு ஒரே ஆளு, கேஸ் ஒண்ணு தூக்கு மாட்டிக்கிட்ட மறுநாளும் ரிப்போர்ட் எங்கன்னுதான் போன் வந்துச்சு, சாப்டியான்னு ஒரு வார்த்தை இல்ல.

ஆறு மாசமா ரூம விட்டே வராத பையன் ஒருநாள் ஷேவ் பண்ணிட்டு, "அக்கா டீ"ன்னு டம்ளர நீட்டுனான். அதுக்குத்தான் அந்த ஒரு ஸ்டார் எக்ஸ்ட்ரா.