உள்ளே போய்ப் பார்ப்பதா, குலுக்கிப் போட்டு ஒப்பிடுவதா?

சமூக நோக்கோடு நடக்கும் நிறுவனங்களை ஆராய்பவர்கள் அதிகம் கையாளும் முறைகளில் இரண்டு இவை.

ஒன்று, ஒரே நிறுவனத்தைத் துருவிப் பார்க்கும் தனியாய்வு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றி ஹார்வர்டு பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993-ல் எழுதியது இந்த வகை. 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம், ஏராளமான இலவச அறுவை சிகிச்சைகளை எப்படிச் சமாளிக்கிறது? அரங்குக்குள் எட்டிப் பார்த்தால் புரியும். டாக்டர் ஒரு மேசையில் முடிக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயார். மருத்துவர் நேரம் வீணாகாததால் செலவு குறைகிறது. பணம் கட்டுபவர்களின் வருமானம் மீதியை ஈடுகட்டுகிறது. ஒரே குறை, ஜெயித்தவர்களைத்தான் பெரும்பாலும் தேடிப்போய் எழுதுகிறார்கள். இழுத்து மூடியவர்கள் கதை வருவது அபூர்வம்.

மற்றது குலுக்கல் முறைச் சோதனை. ஹைதராபாத்தில் 104 பகுதிகளில் பாதியைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் நுண்கடன், அதாவது ஏழைகளுக்குச் சிறு கடன், தரும் ஸ்பந்தனா நிறுவனத்தின் கிளைகளைத் திறக்க வைத்து, மீதிப் பாதியோடு ஒப்பிட்டது பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டஃப்லோ குழு. 2015-ல் வெளியான முடிவு: ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் முதலீட்டைக் கூட்டினார்கள், பிள்ளைகள் படிப்பிலோ பெண்களின் நிலையிலோ சொல்லும்படி மாற்றமில்லை. நுண்கடன் வறுமையை ஒழித்துவிடும் என்ற பேச்சுக்கு நல்ல கடிவாளம்!

சரி, எதை நம்புவது? நிறுவனம் தொடங்கப் போகிறவர் முதலாவதைப் படிக்கட்டும். பணம் கொடுப்பவர் இரண்டாவதைப் பார்க்காமல் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டாம்.