படபடப்புக்கு ஒன்று, மனச்சோர்வுக்கு இன்னொன்று: கொழும்பில் இருக்கிற வழிகளில் எது எதற்கு?

நெஞ்சு அடித்துக்கொண்டு, கை விறைத்து, மூச்சு முட்டி, செத்துவிடப் போகிறேன் என்ற பயத்தில் நடுச்சாமத்தில் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களும், மாதக்கணக்காகக் காலையில் கட்டிலை விட்டு எழும்ப மனமில்லாமல் கிடக்கிறவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: என்ன செய்தால் இது போகும்? ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். டொக்டரை சேனல் பண்ணு, அதாவது தனியாரில் காசு கட்டிப் பார் என்பார் ஒருவர், குளிசையைத் தொடாதே பழகிவிடும் என்பார் இன்னொருவர், வீட்டில் நூல் கட்டிவரக் கூப்பிடுவார்கள், கந்தோரில் யோகாவுக்குப் போ என்பார்கள். எனக்கு இரண்டு வருத்தமும் வந்து போயிருக்கின்றன, இந்தக் கதவுகளில் பலவற்றைத் தட்டியும் இருக்கிறேன். நான் கேட்டுப் பார்ப்பது ஒன்றுதான்: இந்த வழி இன்றைய இரவைக் கடத்த உதவுகிறதா, இல்லை அடுத்த மாதம் என்னைப் பயமில்லாமல் பஸ் ஏற வைக்கிறதா? இரண்டும் வேண்டியவைதான். ஆனால் இரவைக் கடத்துகிற ஒன்றையே சிகிச்சை என்று நம்பிக்கொண்டிருந்ததில் வருஷங்களை இழந்தவர்கள் நம் ஊரில் ஏராளம்.

ஈசிஜி எடுக்க ஓடுவதா, இருந்து கடத்துவதா

முதல் தடவை என்றால் யோசிக்காமல் போங்கள். நாற்பது தாண்டியவர், சீனி வருத்தமோ பிரஷரோ உள்ளவர், வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, படி ஏறும்போது வருகிறது என்றால் எத்தனையாவது தடவையானாலும் போகத்தான் வேண்டும். இதயம் சரி என்று தெரிந்த பிறகு தைரொயிட்டுக்கும் இரத்தச்சோகைக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், இரண்டுமே இதே படபடப்பைக் கொடுக்கக்கூடியவை.

எல்லாம் சரி என்று வந்த பிறகு எடுக்கிற மூன்றாவது, நாலாவது ஈசிஜி வேறு விஷயம். இப்படித் திடீரென்று வந்து அமுக்குகிற பயத்துக்குப் பெயர் பேனிக் அட்டாக், அது பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணித்தியாலத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். அதாவது ஓட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதே அது இறங்கத் தொடங்கியிருக்கும். ஆனால் மனசு அதை அப்படி எடுத்துக்கொள்ளாது, "இங்கே வந்தபடியால்தான் தப்பினேன்" என்று பதிந்துகொள்ளும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக ஓடச் சொல்லும். டேவிட் கிளார்க் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1986இல் இதற்குக் கொடுத்த விளக்கம் இன்றைக்கும் சிகிச்சையின் அடித்தளமாக இருக்கிறது: நெஞ்சு அடிப்பதையோ தலைச்சுற்றையோ பெரிய ஆபத்தின் அறிகுறி என்று மனசு எடுத்துக்கொள்கிறது, அதனால் பயம் கூடுகிறது, பயத்தால் நெஞ்சு இன்னும் அடிக்கிறது.

அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் "நல்லா மூச்சை இழு, இழு" என்பார்கள். அது தவறான யோசனை. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு இழுக்க இழுக்க இரத்தத்தில் காபனீரொட்சைட் குறைகிறது, விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். இழுப்பதை விட விடுவதை நீளமாக்குங்கள், மூக்கால் மெதுவாக. கடதாசிப் பையை வாயில் பிடித்து மூச்சு விடுகிற பழைய முறை இப்போது சொல்லப்படுவதில்லை, ஆஸ்துமாவோ இதய வருத்தமோ இருப்பவருக்கு அது ஆபத்து.

வேகக் குளிசையும் மெதுவான குளிசையும்

ஆகக் குழப்பம் இருப்பது இங்கேதான். "மனசுக்குக் குடுக்கிற குளிசை" என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் பேசுகிறார்கள், ஆனால் இவை இரண்டு வேறு சாமான்கள்.

அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் போன்றவை வேகமானவை. அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்தில் உடம்பு தளர்ந்துவிடும், அந்த நிம்மதி உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரச்சினை என்னவென்றால் சில வாரங்களிலேயே உடம்பு இவற்றுக்குப் பழகத் தொடங்கிவிடும், அதே அளவு போதாமல் வரும், திடீரென்று நிறுத்தினால் படபடப்பு முன்பிருந்ததை விட மோசமாகத் திரும்பும், நீண்ட காலம் எடுத்தவருக்கு வலிப்புக்கூட வரலாம். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். டொக்டர் எழுதித் தந்த பழைய மருந்துத் துண்டை வைத்துக்கொண்டு பார்மசியில் கேட்டுப் பார்க்கிற பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், கோபிக்காமல் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போய்ப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். தாங்களாகவே ஒரே நாளில் விட வேண்டாம்.

புளுஒக்செட்டீன், சேர்ட்ரலீன், எஸ்சிட்டலோபிராம் மெதுவானவை. மனச்சோர்வுக்கும் படபடப்புக்கும் இரண்டுக்குமே கொடுப்பார்கள். இவற்றைப் போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சொல்லப்போனால் முதல் ஒன்றிரண்டு வாரம் ஓங்காளம், தலையிடி, சிலருக்குப் படபடப்பே கொஞ்சம் கூடுதல், அதனால்தான் பேனிக் உள்ளவருக்குச் சிறிய அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இதை யாரும் முதலிலேயே உட்கார்ந்து சொல்லாததால் எத்தனையோ பேர் ஐந்தாம் நாள் "இது எனக்கு ஒத்துவரேல்ல" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் எந்த மருந்தையும் நம்புவதில்லை. குளிசைக்கு ஏங்கி அளவைக் கூட்டிக்கொண்டே போகிற பழக்கம் இவற்றில் வராது, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரும், ஆகவே இவற்றையும் குறைத்துத்தான் விட வேண்டும். சுகமாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர் என்றால் முதல் வாரங்களில் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், சிலருக்கு அந்த வயதில் சாகும் எண்ணம் தொடக்கத்தில் கூடலாம்.

இரண்டில் ஒன்று என்றால் என் தெரிவு சந்தேகமில்லாமல் மெதுவானதுதான். வேகக் குளிசைக்கும் ஒரு இடம் உண்டு, டொக்டர் சொன்ன சில நாட்களுக்கு மட்டும்.

குளிசையா, கதைத்துக் குணப்படுத்துவதா

பேனிக்குக்குக் கதைக்கிற சிகிச்சை என்றால் பலர் நினைப்பது உட்கார்ந்து குடும்பக் கதை சொல்லி அழுவதை. சிபிடி என்கிற, நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற முறை அப்படியல்ல, அதில் பாதிக்கு மேல் செய்கிற வேலை. அறையிலேயே நாற்காலியில் சுற்ற வைத்துத் தலைச்சுற்றை வரவழைப்பார்கள், நின்ற இடத்தில் ஓட வைத்து நெஞ்சை அடிக்க வைப்பார்கள், அடித்தது, ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பே பார்க்க வேண்டும் என்பதற்காக.

அப்புறம் வெளியே. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் 101 பஸ்ஸில் ஒருநாள் அட்டாக் வந்து, அதன் பிறகு காலி வீதியில் பஸ்ஸே ஏறாமல், சம்பளத்தில் பெரும்பங்கை ஓட்டோவுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதல் படி மத்தியானம் கூட்டமில்லாத பஸ்ஸில், கதவுக்குப் பக்கத்தில், பம்பலப்பிட்டி வரை. அது சலித்துப் போனதும் கொள்ளுப்பிட்டி வரை, நடுவில் உட்கார்ந்து. அதற்குப் பிறகு வேலை முடிகிற நேரத்து நெரிசலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேர்வை நாற்றத்தோடும் கொண்டக்டரின் சத்தத்தோடும். நெஞ்சு அடிக்கத் தொடங்கும், இறங்கு இறங்கு என்று உடம்பு கத்தும், அங்கேதான் இறங்காமல் நிற்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கினால் பஸ் எதிரியாகவே இருந்துவிடும், அது தணியும் வரை நின்று இறங்கினால் அடுத்த நாள் கொஞ்சம் இலேசு. பையில் எப்போதும் இருக்கிற அந்தத் தண்ணீர்ப் போத்தல், அவசரத்துக்கு என்று மடித்து வைத்த குளிசை, துணைக்குக் கூட்டிவரும் தங்கச்சி, இவை ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்தில் வீட்டில் விட்டுவிட்டு ஏற வேண்டும், இல்லாவிட்டால் தப்பியதற்கான பெயர் அவற்றுக்குத்தான் போகும். மெதுவாக மூச்சு விடுகிற பயிற்சிக்கும் இதுதான் விதி. தொடக்கத்தில் உதவி, பிறகு அதுவும் விட வேண்டிய ஊன்றுகோல்.

எந்த வருத்தத்துக்கு எந்த சிகிச்சை என்று வகுத்துச் சொல்கிற பிரித்தானியாவின் நைஸ் அமைப்பின் வழிகாட்டல் பேனிக்குக்கு இந்த சிகிச்சைக்குச் சொல்லும் நேரம் மொத்தமாக ஏழு முதல் பதினாலு மணித்தியாலம்தான். குளிசையும் இதுவும் தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவு உதவும், ஆனால் நிறுத்திய பிறகு நிலைத்து நிற்பது இதில்தான் அதிகம். சரி, அப்படியென்றால் எல்லாரும் இதைத்தானே எடுக்க வேண்டும்? கொழும்பில் தமிழில் இதை முறையாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, தனியாரில் மணித்தியாலத்துக்குக் காசு. உளவளத்துணை என்று போட்டிருக்கிற எல்லா இடத்திலும் சிபிடி கிடைக்காது, போன் எடுத்து "பயப்படுகிற விஷயத்தைப் படிப்படியாகச் செய்ய வைப்பீர்களா" என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

மனச்சோர்வு என்றால் கணக்கு மாறுகிறது. பேனிக் ஓடச் சொல்கிறது, சோர்வு படுக்கச் சொல்கிறது. மனசு வந்த பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் மனசு வராது, செய்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பின்னேரம் ஐந்தரைக்கு மரைன் டிரைவ் வரை நடந்து, ஒரு ரெயில் போகும் மட்டும் நின்று திரும்புவது, அவ்வளவு சிறியதாகத் தொடங்கினாலும் போதும், ஆனால் நேரம் குறித்து, மனசைக் கேட்காமல். இலேசான சோர்வுக்கு இதுவும் நல்லதொரு உளவளத்துணையாளரும் போதுமாக இருக்கலாம். நித்திரை விடியப்புறம் மூன்று மணிக்கே கலைகிறது, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, எல்லாம் என் பிழை என்று ஒரே எண்ணம் என்றால் நடந்து பார் என்று சொல்வது கொடுமை. அவருக்குக் குளிசை முதலில், நடையும் கதையும் கூடவே. உணவு தண்ணீரையே விட்டுக் கிடக்கிற கடும் சோர்வில் "கரண்ட் வைக்கிறது" என்று சனம் பயப்படுகிற சிகிச்சை உயிரைக் காப்பாற்றுகிறது, இன்று அதை மயக்க மருந்து கொடுத்தே செய்கிறார்கள்.

கிளினிக்கா, சேனலா

தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலையிலும் மனநலக் கிளினிக் இருக்கிறது, பார்ப்பதும் மருந்தும் இலவசம். காலையிலேயே போய் வரிசையில் இருக்க வேண்டும், போகும் ஒவ்வொரு தடவையும் வேறு டொக்டர் இருக்கலாம், சொன்ன கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் கிளினிக் புத்தகத்தில் எல்லாம் பதிவாகிறது, வராவிட்டால் மருந்து தீரும், ஆகவே ஆள் தொடர்ந்து போவார். சேனலில் பின்னேரம் போகலாம், டொக்டரை நீங்களே தெரிவு செய்யலாம், தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்ற பயம் குறைவு. காசு கொடுத்தும் உள்ளே கிடைக்கிற நேரம் சில நிமிஷமாக இருக்கலாம், மருந்தும் மாதாமாதம் கைக்காசு. இது மாதக்கணக்கில் ஓட வேண்டிய சிகிச்சை, ஆகவே காசு முட்டுப்பட்டு நடுவில் நிற்கிற ஆபத்து சேனலில்தான் கூட. முதல் தடவை விரிவாகக் கதைக்க சேனலும், தொடர்ந்து எடுக்கக் கிளினிக்கும் என்று சேர்த்துப் பிடிப்பது நல்லது. அதே நிபுணர் இரண்டிலும் பார்ப்பது இங்கே வழக்கம், எந்த ஆஸ்பத்திரியில் கிளினிக் என்று கேட்டால் சொல்வார்கள்.

அங்கொடை என்ற பெயரே இந்த நகரத்தில் ஏச்சாக ஆகிவிட்டதால், அங்கிருக்கும் தேசிய மனநல நிறுவகத்துக்கு வெளிநோயாளராகக்கூடப் போகப் பயப்படுகிறவர்கள் உண்டு. பொது ஆஸ்பத்திரிக் கிளினிக் அந்தத் தயக்கம் உள்ளவருக்கு இலேசு, ஆனால் கடுமையான நிலையில் இருப்பவரை ஊர்வாய்க்குப் பயந்து தாமதப்படுத்தாதீர்கள்.

எங்கே போனாலும் மொழியைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். தமிழ் தெரியாத டொக்டருக்கு மொழிபெயர்க்கப் புருஷன் பக்கத்தில் இருந்தால், புருஷனைப் பற்றிய கதை எப்படி வெளியே வரும்? பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது அதைவிடப் பாரம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், இலவசம், தமிழில் கதைப்பவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

கோயிலுக்குப் போவதை இவற்றோடு போட்டியாக வைக்க எனக்கு விருப்பமில்லை. மயூரபதி அம்மனிடமோ, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடமோ, பள்ளிவாசலிலோ உட்கார்ந்து எழும்பினால் நெஞ்சுப் பாரம் இறங்குகிறது என்றால் போங்கள், வீட்டை விட்டு வெளியே வருவதே பாதி நன்மை. குளிசையை நிறுத்து, பெரிய காசு கட்டு, பேய் ஓட்ட அடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு உடனே வாருங்கள்.

இராத்திரி யாருமில்லாத நேரத்துக்குத் தொலைபேசி. 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இருபத்துநாலு மணித்தியாலமும் எடுக்கலாம், மருந்து, கிளினிக் பற்றியும் கேட்கலாம். 1333 இலவச உளவளத்துணை இலக்கம். மனம் நொந்தவர்களின் கதையைக் கேட்கிற சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு 1974இலிருந்து இயங்குகிறது, ஹோர்ட்டன் பிளேஸில் நேரிலும் போகலாம், அங்கே இருப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள், புத்தி சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள். புத்தி கேட்டுக் களைத்தவருக்கு அதுதான் தேவையாக இருக்கும்.

சாக வேண்டும் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் இந்த ஒப்பீடு எல்லாம் பிறகு. "செத்துப்போகலாம் என்று யோசிக்கிறீங்களா, எப்படி என்றும் யோசிச்சிருக்கிறீங்களா" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. வீட்டிலிருக்கும் குளிசைகளை எடுத்து வையுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தற்கொலை முயற்சி நடந்துவிட்டாலும் பொலிஸ் வழக்குக்குப் பயந்து ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட வேண்டாம், இலங்கையில் 1998இலேயே அது குற்றம் என்ற சட்டம் எடுக்கப்பட்டுவிட்டது.