கல்லறை தேடித் தரும் ‘ஃபைண்ட் எ கிரேவ்’: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குடியேறிய முன்னோரின் அடக்க இடத்தைத் தேடுகிறவர்களுக்கு 1995-இல் தொடங்கிய இந்தத் தளம்தான் முதல் வாசல். கட்டணம் கிடையாது. பெயரை முழுதாக அடிக்காமல் குடும்பப் பெயரின் முதல் மூன்று, நான்கு எழுத்துகளை மட்டும் அடித்து, கடைசியில் * குறியைப் போடுங்கள். எழுத்துக்கூட்டல் மாறிய பதிவுகளும் சிக்கும். பெண்களானால் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துத் தேடும் வசதியைத் தட்டிவிடுங்கள்.

தளப் பக்கத்தில் தட்டச்சு செய்திருக்கும் தேதியை நம்பாதீர்கள், கல்லின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தேய்ந்த கல்லில் 1-ம் 4-ம், 3-ம் 8-ம் குழம்பும். பிறந்த தேதி இல்லாமல் ‘68 வருடம், 4 மாதம், 12 நாள்’ என்று வயது மட்டும் செதுக்கியிருந்தால், இறந்த தேதியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஓரிரு நாள் முன்பின் இருக்கும். படம் இல்லையா? கோரிக்கை வையுங்கள், பக்கத்து ஊர்த் தன்னார்வலர் யாராவது எடுத்துப் போடுவார்.

பலவீனம், உறவுத் தொடர்புகள். பயனர்களே சேர்ப்பவை என்பதால், ஆதாரமில்லாத பெற்றோரும் தொங்குவார்கள். 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிடுங்கள். வீட்டிலுள்ள சுதந்திர மனிதர் (அடிமையல்லாதவர்) எல்லோரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதல் கணக்கு அது. 1890-ஐத் தேடி அலையாதீர்கள், 1921 தீ விபத்துக்குப் பிறகு பெரும்பகுதி மிஞ்சவில்லை.

சொந்த நிலத்திலேயே புதைக்கப்பட்டவர்களுக்கு இந்தத் தளம் அதிகம் உதவாது. அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் இலவசத் தளத்தில் அவருடைய நிலப் பட்டாவை எடுத்தால் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் எண்கள் (நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்த அளவை எண்கள்) கிடைக்கும். அதை வைத்து வரைபடத்தில் இடத்தைக் குறிக்கலாம்.