துடைப்பதா, தாவுவதா, படிப்பதா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் என்பதால், தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் ‘நெட் ஓடலை’ என்றாலும் கூப்பிடுவது என்னைத்தான். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நெட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஏதோ ஒரு பக்கம் மட்டும் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

அந்த நேரத்தில் கைவசம் மூன்று வழி. பிரவுசரை மொத்தமாகத் துடைத்துவிடுவது ஒன்று: கேஷ் (பார்த்த பக்கங்களின் சேமித்த நகல்), குக்கி (தளம் நம்மை அடையாளம் வைக்கப் போடும் குறிப்பு), வரலாறு எல்லாவற்றையும் அழிப்பது, மனசு கேட்காவிட்டால் பிரவுசரையே நீக்கி மறுபடி ஏற்றுவது. வேறு பிரவுசருக்குத் தாவுவது இரண்டாவது. திரையில் வந்திருக்கும் பிழைச் செய்தியைப் படித்து அதற்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது மூன்றாவது. பல வருஷம் நான் முதல் கட்சி. இப்போது மூன்றாம் கட்சி. கட்சி மாறியவன் எழுதுவது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தராசு நேராக இருக்காது.

மாறிய கதை இதுதான். போன ஜூன் கடைசி. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலில் இறங்கியிருந்த நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் கிடந்த படகு. அந்த வாரம் யாரும் ஒரு தங்கலைக்கூட, அதாவது கடலில் ராத்தங்கிப் பிடிக்கும் ஒரு பயணத்தைக்கூட, விடமாட்டார்கள். அண்ணனும் போயிருந்தார். அண்ணன் மகள் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி, சான்றிதழ்களை ஏற்றி, கட்டணம் மட்டும் கட்ட வேண்டிய நிலையில் வைத்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் கடைசி நேரம். மத்தியானம் கரண்ட் போய் வந்தது. வந்ததும் பக்கம் திறக்கவில்லை.

“சித்தப்பா, கடிகாரம்னு என்னமோ போட்டிருக்கு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லத்தா, கேஷ் அடைச்சிருக்கும்.”

துடைத்தேன். திறக்கவில்லை. குரோமையே நீக்கினேன், நீக்கும்போது ‘உலாவல் தரவையும் அழிக்கவா’ என்று அது கேட்ட பெட்டியில் டிக்கும் போட்டேன். புதிதாக இறக்கலாம் என்று விண்டோஸோடு வரும் எட்ஜ் பிரவுசரைத் திறந்தால் அதிலும் அதே மாதிரி எச்சரிக்கை. அப்போதுதான் கண் வலது மூலைக்குப் போனது. தேதி 2009 ஜனவரி 1.

தேதியைச் சரிசெய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கம் திறந்தது. ஆனால் கடவுச்சொல் குரோமின் நினைவில்தான் இருந்தது, அதை நான்தான் அழித்திருந்தேன். ‘மறந்துவிட்டேன்’ என்று அழுத்தினால் ஓடிபி அண்ணன் நம்பருக்குப் போகும். அண்ணனும் போனும் டவர் எட்டாத வடகடலில். மறுநாள் காலை படகு கரை பிடித்து, போனில் சிக்னல் ஏறி, ஆறு இலக்கம் வரும்வரை அந்தப் பிள்ளை சாப்பிடவில்லை. மதினி என்னிடம் பேசவே இல்லை.

எங்கள் கரையில் இந்த மூன்று வழியையும் எடைபோட நான் வைத்திருக்கும் படிக்கல் இதுதான்: தவறான வைத்தியம் பார்த்தால் திரும்பப் பெற முடியாதது எது? பட்டணத்தில் ஓடிபி வரும் போன் பக்கத்து அறையில் இருக்கும். இங்கே குடும்பத்துக்கு ஒரு நம்பர், ஆதாரில் இருந்து வங்கிவரை எல்லாம் அதில்தான், அந்த நம்பரோ வாரத்தில் பாதி நாள் கடலில். அல்லது ஒப்பந்த வேலைக்கு வளைகுடா நாட்டுக்குப் போயிருக்கும். கீழக்கரை, தொண்டிப் பக்கம் இப்படிப் பல வீடுகள். அதனால் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் ஒரு கணக்கும், பிரவுசர் ஞாபகம் வைத்திருக்கும் ஒரு கடவுச்சொல்லும் எங்களுக்கு மேஜை டிராயரில் இருக்கும் சாவி மாதிரி. துடைப்பது அந்த டிராயரைக் குப்பையில் கொட்டுகிற வேலை.

துடைப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஒரு தளம் உங்களை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று சுற்றவிட்டு ‘டூ மெனி ரீடைரக்ட்ஸ்’ என்று கைவிரித்தால், அது பெரும்பாலும் கெட்டுப்போன குக்கிதான். அப்போதும் முழு வீட்டையும் கழுவ வேண்டியதில்லை. முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்ன ஐகானை அழுத்தி, அந்த ஒரு தளத்தின் குக்கியை மட்டும் நீக்கலாம். அதற்கும் முன்னால் கன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி மறைநிலைச் சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பழைய குக்கி இருக்காது, நீட்டிப்புகளும் (பிரவுசரில் நாம் சேர்த்த துணை நிரல்கள்) நாமாக அனுமதித்தால் ஒழிய ஓடாது. துடைக்காமலே துடைத்துப் பார்க்கிற வழி. அங்கே திறந்தால் குற்றம் பிரவுசரின் பழைய சரக்கில். அங்கேயும் திறக்காவிட்டால் துடைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

தாவுவதை வைத்தியமாக நான் எண்ணுவதில்லை, அது நாடி பார்ப்பது. குரோமில் வராதது எட்ஜிலும் வரவில்லை என்றால் கோளாறு பிரவுசருக்கு வெளியே. அன்றைக்கு நான் தாவுவதை முதலிலும் துடைப்பதைக் கடைசியிலும் செய்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. ஆனால் சில பழைய கருவிகளில் தாவினாலே காரியம் முடிந்துவிடும். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில், இன்று ஏராளமான தளங்களுக்குச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் புதிய வேர்ச் சான்றிதழ் (தளச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையான தாய்ச் சான்றிதழ்) கிடையாது. அங்கே ஓடும் பழைய குரோம் பெரும்பாலும் போனில் இருக்கும் வேர்ச் சான்றிதழ்ப் பட்டியலைத்தான் பார்க்கும். ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமந்து வரும். அதனால் ஒன்றில் சிவப்பு எச்சரிக்கை, மற்றதில் பக்கம் பளிச்சென்று. அதேபோல விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அது 2023-ல். அந்த மெஷினை வைத்துக்கொண்டு குரோமைத் திட்டிப் பயனில்லை.

இனி என் கட்சி. பிழைப் பக்கத்தில் மேலே பெரிய எழுத்தில் இருப்பது ஆறுதல் வார்த்தை. கீழே சின்னதாக, சாம்பல் நிறத்தில் இருக்கும் வரிதான் விஷயம்.

அந்த வரியில் ‘டிஎன்எஸ்’ என்றோ ‘நேம் நாட் ரிசால்வ்ட்’ என்றோ இருந்தால், தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண்ணைச் சொல்ல வேண்டிய ஆள் பதில் சொல்லவில்லை, அல்லது ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்கிறார். முதலில் எழுத்துப்பிழை பாருங்கள், பாதி நேரம் அதுதான். மற்ற தளங்களும் அப்படியே சொன்னால் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டுப் பாருங்கள். முன்னது கூகுளுடையது, பின்னது கிளவுட்ஃபிளேர் 2018-ல் திறந்தது. இரண்டில் எது வேகம் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

‘டைம்டு அவுட்’ என்றால் கதவைத் தட்டியும் பதில் இல்லை. 502, 503, 504 என்று எண் வந்தால் கோளாறு அந்தப் பக்கத்து சர்வரில். விண்ணப்பக் கடைசி நாள் சாயங்காலம் இது சர்வ சாதாரணம். டீ குடித்துவிட்டு வந்து திறக்கலாம், வேறு வேலை இல்லை. எதுவுமே திறக்காமல், நெட் இல்லாதபோது குரோம் காட்டும் டைனோசர் படம் வந்து நின்றால் பிரவுசரை விட்டுவிட்டு மோடத்தைப் பாருங்கள். ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக மினுங்கினால் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை. அந்த விளக்கு சரியாக இருந்தால் மோடத்தையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் லேன் வயரின் முனையைக் கழற்றிப் பாருங்கள். கச்சான் காற்று இரண்டு மாசம் அடித்த பிறகு, கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்த மோடத்தில் அந்த முனையின் உலோகப் பற்கள் பச்சை பூத்திருக்கும். முனையை வெட்டிப் புது கிளிப் போட்டால் தீர்ந்தது. என் தெருவில் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன இரண்டு வீடுகளில் காரணம் இந்தப் பச்சைதான்.

தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: அங்கே சில போன்கள் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் அணைந்திருந்தால் எந்தப் பக்கமும் வராது. நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்து வைத்தால் போதும். ராமேஸ்வரம் லாட்ஜ் வைஃபையில் பக்கம் வராவிட்டால், முதலில் அவர்களுடைய லாகின் பக்கம் வர வேண்டியிருக்கும். அது வராமல் மற்றது வராது.

‘சர்ட் டேட் இன்வேலிட்’. என் வரி இது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழிலும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். மெஷின் தன்னை 2009-ல் இருப்பதாக நம்பினால் இன்றைய சான்றிதழ் எல்லாமே அதற்கு இன்னும் பிறக்காத பிள்ளை. குரோம் இதைக் கண்டுபிடித்து ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது’ என்று பெரிய எழுத்திலேயே சொல்லிவிடும். அண்ணன் மகள் படித்ததும் அதைத்தான். வரவர இந்தத் தேதி விவகாரம் இறுகிக்கொண்டும் போகிறது. 2020 செப்டம்பருக்குப் பிறகு தரப்பட்ட சான்றிதழ்களுக்கு ஆயுள் அதிகபட்சம் 398 நாள், 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029-ல் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது. ஒரு மாசம் தப்பாக ஓடும் கடிகாரம்கூட இனி நிறையத் தளங்களைச் சாத்திவிடும்.

கடிகாரம் ஏன் பின்னால் போனது? மதர்போர்டில் ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியைக் காப்பது அதுதான். அது செத்திருந்தால் பிளக்கில் இருக்கும்வரை எதுவும் தெரியாது. கரண்ட் போய் வந்தால் தேதி தொழிற்சாலைக் கணக்குக்குத் திரும்பிவிடும். எங்கள் வீட்டுப் பேட்டரியைக் கழற்றியபோது அதன் பிடியிலும் உப்புப் பொரிந்திருந்தது. உப்புக்காற்றால்தான் சீக்கிரம் செத்ததா, வயசாகிச் செத்ததா என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மெஷினுக்கே பதினைந்து வயசு. புதுசு 40 ரூபாய்க்குக் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. தேதி சரியாக இருந்தும் வங்கிப் பக்கத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் ‘மேம்பட்டவை’யை அழுத்தி ‘பரவாயில்லை, போ’ என்று உள்ளே போகாதீர்கள். அங்கே வைத்தியமே திரும்பி வருவதுதான்.

இவ்வளவும் விண்டோஸ், ஆண்ட்ராய்டு அனுபவம். ஐபோனை நான் கையில் வைத்துப் பழகியதில்லை, எங்கள் தெருவில் இருக்கும் ஒரே ஐபோனும் இதுவரை என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது யார் போன் செய்தாலும் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, கீழே சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்கிறேன். மதினிக்கு அந்தப் பொறுமை கிடையாது. முழுத் திரையையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடும். அதுவும் நல்லதுதான், வலது மூலைத் தேதியும் சேர்ந்தே விழுந்துவிடுகிறது.