கத்தியை இழுத்துக் கூராக்கும் ஷார்ப்னர் வாங்கப் போகிறீர்களா, கொஞ்சம் நில்லுங்கள்

'எந்தக் கத்திக்கும் பொருந்தும், நாலு இழுப்பு போதும்' என்று போட்டிருந்ததை நம்பி, வி வடிவப் பள்ளத்தில் கத்தியை விட்டு இழுக்கிற ஷார்ப்னர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். முதல் நாள் காகிதத்தைச் சர்ரென்று அறுத்தது, எனக்கே பெருமை தாங்கவில்லை. பத்து நாளில் மொக்கை. மறுபடி இழுத்தேன், மறுபடி மொக்கை, இப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது.

கருவியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், பள்ளத்துக்கு அடியில் சுருள் சுருளாக இரும்புச் சீவல். உள்ளே இருப்பது இரண்டு டங்ஸ்டன் கார்பைடு தகடுகள், கத்தியின் உருக்கைவிட எவ்வளவோ கடினமானவை, அதனால் அது சாணை பிடிப்பதில்லை, ஓரத்தைப் பிய்த்து எடுக்கிறது. பிய்ந்த ஓரம் ரம்பம் மாதிரி இருப்பதால் அப்போதைக்குக் கூராகத் தெரியும், அந்தப் பற்கள் மடங்கியதும் போச்சு.

என் கத்தி ஜப்பானிய வகை. உருக்கின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60க்கு மேல், பக்கத்துக்கு 15 டிகிரி கூர். இவ்வளவு கடினமான உருக்கு வளையாது, நொறுங்கும், கத்தியின் வாய் முழுக்கப் பொடிப் பொடியாகச் சில்லு பெயர்ந்திருந்தது. அதைவிடக் கொடுமை கைப்பிடிக்குப் பக்கத்தில். தினமும் ஒரே இடத்தில் தொடங்கி இழுத்ததில் அங்கே ஒரு குழிவு விழுந்துவிட்டது. வெட்டும் பலகையில் கத்தியை வைத்தால் அந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறது, நறுக்கிய துண்டுகள் அடியில் பிரியாமல் மாலை மாதிரி தொங்குகின்றன.

படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். 'தவறான கோணத்தில் இழுத்திருப்பீர்கள்' என்று பதில். கோணத்தை முடிவு செய்வதே அந்தப் பள்ளம்தானே ஐயா, நான் எங்கே போய்க் கோணம் பிடிப்பது? அடுத்த பதில், 'பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்.' சரி, அத்தோடு விட்டேன்.

அப்புறம் சாணைக்கல்லுக்கு மாறினேன், அங்கேயும் ஒரு அடி. ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என்று அச்சடித்த கல், எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும் என்று அர்த்தம். 6000 பக்கம் தேய்த்தால் கூர் விளிம்பு கிட்டத்தட்ட கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும், 1000 மங்கலான கீறல்தான் விடும். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே கீறல், நிறம் மட்டும் வேறு! இந்தக் கல்லை விற்றவர் மட்டும் சத்தமில்லாமல் பணத்தைத் திருப்பிவிட்டார். கல் வாங்கினால் முதல் நாளே பழைய கத்தி ஒன்றில் இரண்டு பக்கமும் தேய்த்து, விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது இருப்பது வேறு கல், ஒழுங்கான கல். கூர் விளிம்பில் மார்க்கர் மையைப் பூசித் தேய்க்கிறேன், மை எங்கே போகிறது எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே கோணம் சரியா தப்பா தெரிந்துவிடும். மறுபக்கம் நெடுக மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்படும் வரை ஒரு பக்கம், பிறகு திருப்பி அடுத்த பக்கம். கத்தியோடு கூடவே விற்கிற இரும்புக் கோலைச் சாணை என்று நினைத்துவிடாதீர்கள், அது முக்கியமாக மடங்கிய ஓரத்தை நிமிர்த்தத்தான், அதிலும் வரி போட்ட கோல் கடினமான கத்திக்கு ஆகாது.

குழிவைச் சரிசெய்ய 400 கல்லில் இரண்டு மாலை தேய்த்தேன், கத்தியின் அகலம் மூன்று மில்லிமீட்டர் போய்விட்டது. அந்த ஷார்ப்னரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் மனசு வரவில்லை, பெட்டியோடு கிடக்கிறது.